காலம் தெருவுக்குத் தெரு மாறும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் தொடராக வந்து முடிந்த அறிவியல் குறுநாவலைப் பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்த கடிதத்தைப் போன வாரம் பார்த்தேன். இடிந்து விழும் நகரம், அதில் ஒரு தெருவில் இன்று, அடுத்த தெருவில் பத்து வருஷம் கழித்து என்றால் எப்படி நம்புவது, அறிவியல் என்று சொல்லிக்கொண்டு மாயாஜாலம் எழுதுகிறார்கள் என்று கோபப்பட்டிருந்தார். எனக்கு அந்தக் கதை ரொம்பவே பிடித்தது, அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில், காலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. பூமியின் ஈர்ப்புப் பிடி தளரத் தளர கடிகாரம் வேகமாக ஓடும், இது ஐன்ஸ்டைன் சொன்னது. மேட்டுப்பாளையத்தில் ஓர் அணுக்கடிகாரத்தையும் ஊட்டியில் ஒன்றையும் வைத்தால், ஊட்டிக் கடிகாரம் வருஷத்துக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஆறேழு பங்கு முந்தியிருக்கும். 2010ல் அமெரிக்காவில் வெறும் 33 செ.மீ. உயர வித்தியாசத்திலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசத்தை எழுத்தாளர் வருஷக் கணக்குக்கு இழுத்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்குக் கதையில் இடம் உண்டு.

சரி, அணுக்கடிகாரம் வேண்டாம், சாதாரண கடிகாரத்துக்கே வருவோம். 1802ல் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் சென்னை வானாய்வகத்திலிருந்து கணக்கிட்டுக் கொடுத்த 'மெட்ராஸ் நேரம்' இப்போதைய நேரத்தைவிட ஒன்பது நிமிடம் பின்னால் இருந்தது, ரயில்கள் வெகுகாலம் அதை வைத்துத்தான் ஓடின. 1906ல் நாட்டுக்கெல்லாம் ஒரே நேரம் என்று வந்த பிறகும் கல்கத்தா 1948 வரை, பம்பாய் 1955 வரை தங்கள் பழைய நேரத்தை விடவில்லை. பம்பாயில் ரயில் நிலையத்தில் ஒரு நேரம், ஊருக்குள் அதைவிட 39 நிமிடம் பின்னால் இன்னொரு நேரம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை வாழ்ந்திருக்கிறது. காலத்தை யாரோ ஒருவர் தினமும் பார்த்துச் சரிசெய்துகொண்டே இருந்தால்தான் அது ஒன்றாக நிற்கும், கவனிக்க ஆள் இல்லையென்றால் பிரிந்துவிடும். அந்தக் குறுநாவலின் உயிரே இதில்தான் இருக்கிறது, மராமத்து நின்றுபோன தெருவில்தான் அங்கே காலம் நழுவுகிறது, சுவர் முதலில் விரிசல் விடுகிறது, அப்புறம்தான் நேரம்.

மூன்றாம் அத்தியாயத்தில் அந்தப் பெரியவர் வீட்டுச் சுவரின் விரிசல் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாரே, அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மலையில் குடியிருக்கும் எங்களுக்கு அது தெரிந்த வேலை. ஐப்பசி மழையில் வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் கொஞ்சம் வாய் திறந்தால் இங்கேயும் அப்படித்தான் குறித்து வைத்து, வளர்கிறதா என்று விடிந்ததும் போய்ப் பார்ப்போம், 2009 நவம்பர் மண்சரிவுகளுக்குப் பிறகு இன்னும் அதிகமாகவே. கதையில் ஒரு நாள் விரிசல் மேலே ஏறியிருக்கிறது, புதிதாக எட்டிய இடத்தில் அவர் கையெழுத்திலேயே மார்ச் 9 என்று இருக்கிறது, அதற்குக் கீழே அவர் முன்பே எழுதிய மார்ச் 12. அவர் கத்தவில்லை, ஓடவில்லை, பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து இரண்டுக்கும் பக்கத்தில் அன்றைய கிழமையை எழுதுகிறார். காலம் உடைவதைத் தமிழில் இவ்வளவு பக்கத்தில் வைத்து யாரும் காட்டி நான் படித்ததில்லை.

விரிசலுக்கும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த வாசகர் கேட்கலாம். ஊட்டியை அடுத்த முத்தோரையில், மலைச்சரிவிலேயே 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது ரேடியோ தொலைநோக்கி, 1970லிருந்து வேலை செய்கிறது. அது பார்ப்பவற்றில் பல்சர்களும் உண்டு, அதாவது வேகமாகச் சுழன்றுகொண்டே சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும், செத்துப்போன நட்சத்திரங்களின் மிச்சம். வானத்தில் இவ்வளவு ஒழுங்கான கடிகாரங்கள் அபூர்வம், ஆனால் அவையும் சில சமயம் தடுமாறும். வேலா பல்சர் நொடிக்குப் பதினோரு தடவை சுற்றுகிறது, மெல்ல மெல்ல வேகம் குறைந்துகொண்டே வருவது திடீரென்று ஒரு நாள் வேகம் எடுக்கிறது, இதை முதன்முதலில் 1969ல் கண்டார்கள். மேலோடு ஒரு வேகத்திலும் உள்ளே உள்ள உரசலற்ற திரவம் இன்னொரு வேகத்திலும் சுற்றி, அந்தப் பிணைப்பு சட்டென்று மாறுவதுதான் காரணம் என்கிறார்கள். கடிகாரத்தின் உடம்புக்குள் எதாவது பிசகினால் நேரமும் பிசகும். எழுத்தாளர் அதைத்தான் ஒரு நகரத்துக்குப் பொருத்தியிருக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பேராசிரியரைக் கொண்டுவந்து இரண்டு பக்கத்துக்குக் குவாண்டம் அது இது என்று பேச வைத்தது கதையைக் கெடுத்துவிட்டது. மராமத்து நின்றால் காலம் நழுவும் என்ற விதியை நாமே கண்டுபிடித்து வைத்திருக்கும்போது அவர் வந்து வேறு காரணம் சொல்கிறார், அதுவும் கடைசியில் நடப்பதோடு ஒட்டவில்லை. அந்த வாசகரின் கோபம்கூட அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

தொடரைப் புத்தகமாகப் போடுங்கள், வாரம் தவறவிட்டவர்கள் இங்கே நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்கு முன் அந்த இரண்டு பக்கத்தை எடுத்துவிட முடியுமா என்று எழுத்தாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
குன்னூர், நீலகிரி.