தூத்துக்குடி வேலைநிறுத்தத்துக்குப் பாடநூலில் உரிய இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வ.உ.சிதம்பரனாரைப் பற்றி ஆண்டுதோறும் வெளிவரும் கட்டுரைகளும் பள்ளிப் பாடங்களும் பெரும்பாலும் சுதேசிக் கப்பல் கம்பெனியில் தொடங்கி, கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த செக்கில் முடிந்துவிடுகின்றன. இரண்டும் மறக்கக் கூடாதவைதாம். ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே, 1908ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தூத்துக்குடித் தொழிலாளர்களும் எளிய மக்களும் செய்துகாட்டியதை ஒற்றை வரியில் கடந்துவிடுகிறோம். அது பெரும் குறை என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்தார் நடத்திய கோரல் மில் என்ற பஞ்சாலையில் அன்று வார விடுமுறை என்பதே கிடையாது. வேலை நேரமோ மிக நீண்டது, கூலியோ அற்பம், சிறுவர்களும் வேலை செய்தனர், மேலாளர்களின் அடிக்கும் வசவுக்கும் கேள்வி இல்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களில் தொடர்ந்து பேசிவந்த நிலையில், பிப்ரவரி 27 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியேறினர். தொழிற்சங்கம் என்ற அமைப்பு அப்போது இல்லை. வேலைநிறுத்தம் செய்வோருக்குச் சட்டப் பாதுகாப்பும் இல்லை. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டால் அதையே குற்றமாகக் கருதிய 1859ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் நடைமுறையில் இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஊர் மக்கள் பணமும் உணவும் கொடுத்துத் தாங்கியதால், ஒன்பது நாட்களில் நிர்வாகம் இறங்கிவந்து கூலி உயர்வுக்கும், வேலை நேரக் குறைப்புக்கும், ஞாயிறு விடுமுறைக்கும் இணங்கியது.

இதன் பிறகு நடந்ததுதான் என் கடிதத்தின் மையப் பொருள். வங்கத் தேசியத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைத் தடையை மீறிக் கொண்டாடிய வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகிய மூவரும் மார்ச் 12 அன்று கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். நகராட்சி அலுவலகமும் அஞ்சல் அலுவலகமும் தாக்கப்பட்டன. மாவட்ட ஆட்சியர் விஞ்சின் உத்தரவின்பேரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். தூத்துக்குடியோ வேறு வழியில் தன் சினத்தைக் காட்டியது. கோரல் மில் தொழிலாளர்களுடன் பெஸ்ட் கம்பெனித் தொழிலாளர்களும், நகராட்சித் துப்புரவுப் பணியாளர்களும், ஜட்கா வண்டிக்காரர்களும், சலவைத் தொழிலாளர்களும், முடிதிருத்துவோரும் வேலையை நிறுத்தினர். கடைகள் அடைக்கப்பட்டு, நகரமே முடங்கியது.

ஒரு வாரத்துக்கு முன்புதான் கூலி உயர்வு பெற்ற கோரல் மில் தொழிலாளிக்கு அப்போது நிர்வாகத்திடம் கேட்பதற்குப் புதிதாக எதுவும் இல்லை, இழப்பதற்கோ நிறைய இருந்தது. சவரக்கத்தியையும் வண்டி மாட்டையும் குதிரையையும் நம்பி அன்றாடம் பிழைத்தவருக்கு முதலாளி என்று ஒருவரே இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் அன்று மாலை வீட்டில் அடுப்பு எரியாது. இத்தனையும் தெரிந்தே, தங்களுக்காக நின்ற தலைவர்களைச் சிறையில் அடைத்ததற்காக மட்டும் அவர்கள் வேலையைத் துறந்தனர். தூத்துக்குடியில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று. வ.உ.சி.க்கு எதிரானவர் என்று பேசப்பட்ட வழக்கறிஞர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, அது உண்மைதானா என்று கேட்டாராம். உனக்கு எதற்கு அந்தப் பேச்சு என்ற பொருளில் அவர் சீறவே, பாதிச் சவரத்தோடு அவரை விட்டுவிட்டுத் தொழிலாளி எழுந்து போய்விட்டார். மீதியை மழிக்க ஊரில் வேறு எவரும் முன்வராததால், வழக்கறிஞர் திருநெல்வேலிக்குப் போக வேண்டியதாயிற்று. படிப்பும் செல்வாக்கும் உடைய ஒருவரிடம் அந்தக் காலத்தில் ஒரு முடிதிருத்துவோர் அவ்வாறு நிமிர்ந்து நின்றதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அதே ஆண்டு ஜூலையில் திலகருக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டபோது, ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். லெனினே அதைக் குறிப்பிட்டு எழுதினார். இந்தியத் தொழிலாளர்களின் முதல் அரசியல் வேலைநிறுத்தம் என்று நூல்கள் பலவும் அதையே சுட்டுகின்றன. பம்பாயின் அளவு மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. எனினும் அதற்கு நான்கு மாதங்கள் முன்பே, சின்னஞ்சிறு துறைமுக நகரம் ஒன்று அதே காரணத்துக்காக வேலையை நிறுத்தியது என்பதை நாமே எடுத்துச் சொல்லாவிட்டால், வேறு எவர் சொல்லப்போகிறார்கள்? நம் வரலாற்று நூல்களும்கூடக் கப்பலிலிருந்து நேராக 1911இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் துப்பாக்கிக்குத் தாவிவிடுகின்றன.

ஆங்கிலேய அரசு இதைச் சிறிய நிகழ்ச்சியாக எண்ணவில்லை. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் முதலில் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912இன் இறுதியில் வ.உ.சி. வெளியே வந்தபோது அவரது கப்பல் கம்பெனி இல்லை. ஆனால் கூலிக்காரரும் கேட்கலாம், கேட்டுப் பெறலாம் என்று அந்த மார்ச் மாதம் நிறுவிய செய்தி மறையவில்லை. 1918இல் சென்னையில் பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றோரின் முயற்சியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதையும், 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததையும் தமிழ்நாட்டு மாணவர்கள் படிக்கும்போது, தூத்துக்குடியை அதன் முன்னுரையாகப் படிப்பதே முறை.

எனவே, பள்ளிக் கல்வித் துறை கோரல் மில் வேலைநிறுத்தத்தையும் அதைத் தொடர்ந்த நகரப் பொது வேலைநிறுத்தத்தையும் தனிப் பாடமாகவே சேர்க்க வேண்டும். அக்காலக் காவல்துறை அறிக்கைகளும் தீர்ப்புகளும் இன்றும் ஆங்கிலத்திலேயே கிடப்பதால், அவற்றைத் தமிழாக்கி எளிய விலையில் வெளியிடும் பொறுப்பைத் தமிழ்நாட்டு ஆவணக் காப்பகம் ஏற்க வேண்டும். தங்கள் நாளிதழும் வரும் மார்ச் 13 அன்று, தலைவர்களின் படங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், பெயர் தெரியாமல் போன அந்தத் துப்புரவுப் பணியாளர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் ஒரு பக்கத்தை ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்