வீட்டை விற்பது குறித்து

அன்பு மகன் செந்திலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சேலம் விமான நிலைய விரிவாக்கத்தால் ஓமலூர்ப் பக்கம் மனை விலை ஏறிவிட்டதே, வீட்டை இப்போதே கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஏறியிருப்பது உண்மைதான், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறவில்லை என்பதும் உண்மை.

காமலாபுரத்தில் 1993-இல் திறந்த நிலையம் இது. விமானம் வந்தும் நின்றும் போனது. 2018-இல் உடான் என்ற மலிவுக் கட்டண விமானத் திட்டத்தில் மறுபடி வந்தது, இடையில் நின்று 2023 அக்டோபரில் திரும்பவும் தொடங்கியது. விமானம் வந்த போதெல்லாம் பெங்களூர் சாலையோரம் கொடி நட்டு மனை விற்றார்கள், நின்ற போதெல்லாம் கொடி கிழிந்து தொங்கியது. சாலையை ஒட்டிய மனைக்கு விமானம் இல்லாவிட்டாலும் மதிப்பு உண்டு. உள்ளே தள்ளியிருக்கும் மனைக்கு அந்தக் கொடிதான் மதிப்பு.

விரிவாக்கத்துக்குக் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டியில் சுமார் 570 ஏக்கர் எடுக்கப் போவதாகப் பேச்சு எழுந்ததிலிருந்து, அந்தச் சர்வே எண்களில் கிரயம் வாங்க யாரும் துணிவதில்லை. நம் வீடு அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. உன் சித்தப்பாவின் நிலம் உள்ளே வருகிறது. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் பத்திரப் பதிவுக்காக அரசு குறித்துவைத்த வழிகாட்டி மதிப்பையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதைச் சந்தை மதிப்பாகக் கொள்வார்கள். அதன்மேல்தான், கட்டாயமாக எடுப்பதற்காகத் தரும் ஆறுதல் தொகையும் மற்றதும் சேரும். போன வருடம் நான் அரை ஏக்கரை விற்றபோது, முத்திரைத்தாள் செலவு மிச்சமாகும் என்று வாங்கியவர் கெஞ்சியதால், வழிகாட்டி மதிப்பையே பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்த பணம் அதைவிடப் பெரியது. ஊரில் எல்லோரும் அப்படியே எழுதி வைத்திருக்கிறோம், அதனால் அந்தச் சராசரி ஏற வழியே இல்லை, சித்தப்பாவின் இழப்பீடும் ஏறாது. சித்தப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருக்கிறது.

நம் வீட்டுக்கு வருகிறேன். விமானம் இறங்கும்போது சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிடுகின்றன, அம்மா நடுவே துணி மடித்து வைத்திருக்கிறாள். வாங்க வருகிறவன் அந்த நேரத்தில் வந்தால் விலையைக் குறைத்துத்தான் கேட்பான். மாடிமேல் மாடி கட்டி வாடகைக்கு விடலாம் என்கிறாயே, ஓடுபாதைக்கு அருகில் உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று கேட்பார்கள் என்பதையும் பார்த்துக்கொள்.

ஆகவே இப்போது விற்க வேண்டாம். என்றைக்கு விற்றாலும் கைக்கு வரும் முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுதித்தான் விற்பேன். திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனு கொடுக்கிறேன். சித்தப்பா நிலத்துக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா