வஹாகாவிலிருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே மெக்சிகோவில், வஹாகா ஊரில், நான் நலம். சித்திக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. சந்தையில் புளி கிடைக்கிறது, ரசம் வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் போனில் "அந்த ஊரில் சுவரொட்டி ஒட்டுவார்களா?" என்று கேட்டீர்களே. ஒட்டுவதா! தெருத் தெருவாக ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் கண்ணீர் அஞ்சலியோ காதணி விழாவோ அல்ல. கதிரைத் தூக்கிப் பிடித்த கிழவி, காணாமல்போன பிள்ளையின் முகம், பெரிய தொப்பி வைத்த விவசாயப் புரட்சித் தலைவர் சபாத்தா. எல்லாம் கையால் செதுக்கி அச்சடித்த படங்கள். பசை மட்டும் நம்மூர்ப் பசைதான், மாவைக் கரைத்துக் காய்ச்சியது.

2006-இல் ஆசிரியர்கள் சம்பள உயர்வு கேட்டு ஊர் நடுவிலுள்ள சதுக்கத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஜூன் 14 விடிகாலையில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசி விரட்டப் பார்த்தது. அவ்வளவுதான், ஊரே அவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. அந்த வருஷம் ஓவியம் படித்த பிள்ளைகள் 'அசாரோ' என்று குழு சேர்ந்தார்கள். படத்தில் தனி ஆள் கையெழுத்து போடுவதில்லை, குழுவின் பெயர்தான். சுவரில் வெள்ளையடித்து மறைத்தால் மறுபடி ஒட்டினார்கள்.

இது திடீரென்று முளைத்ததல்ல. 1913-இல் இறந்த மெக்சிகோ அச்சோவியர் பொசாதா, எலும்புக்கூடுகளை வைத்துப் பெரிய மனிதர்களைக் கேலி செய்து மலிவுத் தாள்களுக்குப் படம் போட்டவர். 1937-இல் மெக்சிகோ நகரத்தில் லியோபோல்தோ மெந்தெஸ் போன்றவர்கள் மக்களுக்கென்றே ஓர் அச்சுப் பட்டறை தொடங்கினார்கள். இந்த ஊரிலும் தொலேதோ என்ற ஓவியர் 1988-இல் தொடங்கிய கலை நிலையம் இருக்கிறது. 2014-இல் அயோட்சினாபா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் 43 பேர் காணாமல்போனபோது, அவர்கள் முகங்களைக் காற்றாடிகளில் அச்சிட்டுப் பறக்கவிட்டவர் அவர்தான்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பட்டறை. சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். ஒரு பெண், படம் செதுக்கும் லினோலியத் துண்டை (தரையில் விரிக்கும் தடித்த விரிப்புதான்) முதலில் வெயிலில் காயப்போடுவாள், சூடேறினால் உளி வழுக்காமல் இறங்குமாம். வெள்ளையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் தோண்டி எடுத்துவிட வேண்டும், மிஞ்சிய மேட்டில்தான் மை ஏறும். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பதை அச்சுக் கோத்த உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! உருளையில் மை சரியான பதத்துக்கு வந்தால் 'சிர்'ரென்று ஒரு சத்தம் கேட்கும். பிரஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தாளின் முதுகில் மரக்கரண்டியால் தேய்த்தே எடுத்துவிடலாம். கையில் காசில்லாதவர்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது இதே படங்களைச் சுற்றுலா வருகிறவர்கள் டாலர் கொடுத்து வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். போராட்டத்தையும் விற்றுவிட்டார்கள் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அதில் கோபமில்லை. மைக்கும் தாளுக்கும் வாடகைக்கும் காசு எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? சுவரில் ஒட்டுவதை நிறுத்தினால்தான் வருத்தப்படுவேன்.

அப்புறம் முக்கியமான விஷயம். நம் அச்சகத்துப் பரணில் கிடக்கும் பெரிய மர எழுத்துகளைப் பற்றிப் பட்டறையில் சொன்னேன், படம் காட்டு என்று பிடித்துக்கொண்டார்கள். அவற்றைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தம்பியிடம் சொல்லி நாலைந்து போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புங்கள். 'ழ' இருந்தால் அதைக் கிட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்
செல்வி