வேதாகமமா, விவிலியமா?

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பின் மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதறிந்து மகிழ்ச்சி. இளைய மகள் பேறுகாலத்துக்கு வந்திருப்பதால் இங்கே வீடு கலகலப்பாக இருக்கிறது. தங்கள் ஊர் மாதா கோயிலின் நூற்றாண்டு மலரில் பைபிளை 'வேதாகமம்' என்று அச்சிடுவதா, 'விவிலியம்' என்று அச்சிடுவதா என மலர்க்குழு இரண்டு கட்சியாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தாங்கள் கேட்டபடியே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நாம் பைபிள் என்று சொல்வது கிரேக்கத்தின் 'பிப்லியா'. பாப்பிரஸ் தாளுக்கு அம்மொழியில் 'பிப்லோஸ்' என்று பெயர். அத்தாளில் எழுதிய சுருள் 'பிப்லியோன்'. அதன் பன்மையே பிப்லியா. அந்தத் தாளைக் கிரேக்கருக்கு ஏற்றுமதி செய்த, இன்றைய லெபனானில் உள்ள துறைமுகத்தையும் அவர்கள் பிப்லோஸ் என்றே அழைத்தார்கள். பாப்பிரஸ் என்பது நம் பத்தமடையில் பாய் நெய்யும் கோரையின் இனத்தைச் சேர்ந்தது. நைல் ஆற்றோரச் சேற்றில் ஆளுயரத்துக்கு மேல் வளர்வது. அதன் முக்கோணத் தண்டின் பச்சைத் தோலை உரித்து, உள்ளிருக்கும் வெண்ணிறச் சோற்றை நீள நாடாக்களாகச் சீவி, ஒரு வரிசையை நெடுக்கிலும் அதன்மேல் இன்னொரு வரிசையைக் குறுக்கிலும் பரப்பி, அழுத்தி உலர்த்தினால் எழுதும் தாள் கிடைத்துவிடும். நம் ஓலையைப் போலவே அதுவும் எழுதுபொருளின் பெயர்தான். அதில் கணக்கும் எழுதினார்கள், கவிதையும் எழுதினார்கள்.

ஆகவே அச்சொல்லில் தொடக்கத்தில் புனிதம் ஏதும் இல்லை. துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் எடுத்துவருமாறு புதிய ஏற்பாட்டில் பவுலின் பெயரால் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் கேட்டிருக்கிறதே, அங்கே புத்தகங்கள் என்பதற்குரிய கிரேக்கச் சொல் இதே பிப்லியாதான். குளிருக்கு வேண்டிய மேலங்கியோடு சேர்த்துச் சொல்லப்படும் அளவுக்கு அது அன்றாடச் சொல்லாக இருந்தது. புனிதத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் தனியே ஓர் அடைமொழி தேவைப்பட்டது. முதலாம் மக்கபேயர் நூலில் வரும் 'திருநூல்கள்' அப்படிப்பட்டதே. பின்னர் அடைமொழி இல்லாமலேயே அந்தப் பொருள் நிலைத்தது. இலத்தீனில் அப்பன்மையின் 'ஆ' ஈற்றைப் பெண்பால் ஒருமையின் ஈறாகக் கொண்டதால், கத்தோலிக்கர் 73 என்றும் சீர்திருத்தச் சபையார் 66 என்றும் எண்ணுகிற நூல்களின் தொகுதி ஒரே நூலின் பெயராயிற்று. ஒரு நூலகத்தையே ஒரு நூலாக்கிய அந்த இலக்கணப் பிழைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டுமா என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

தமிழில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது. எளிய சொல் ஒன்றை எடுத்து உயர்த்தாமல், ஏற்கெனவே உச்சியில் இருந்த இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அறிதல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்தது வேதம். வழிவழியாக வந்தது என்னும் பொருளுடையது ஆகமம். 'வேதமொடு ஆகமம் மெய்யாம் இறைவன் நூல்' என்று திருமந்திரம் சைவர்க்குச் சொல்லிவைத்த இணையை அப்படியே கிறித்தவ நூலுக்குச் சூட்டியது, என் கருத்தில், மொழிபெயர்ப்பன்று, உரிமை கோரல். ஆனால் மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதை மறுக்க முடியாது. திருநெல்வேலிச் சீமையில் 'வேதக்கோயில்' என்றால் மாதா கோயில் என்றும், 'வேதத்தில் சேர்ந்தார்கள்' என்றால் கிறித்தவரானார்கள் என்றும் இன்றும் பெரியவர்களுக்குப் புரியும். தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த காலம் தொட்டு, யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்குச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் துணைநின்ற காலம் வரையில், சைவச் சொல்லும் கிறித்தவ நூலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே வந்தன.

விவிலியம் என்ற சொல் பரவியதற்கு, 1995-இல் 'திருவிவிலியம்' என்ற பெயரில் வெளியான பொது மொழிபெயர்ப்பு பெருங்காரணம். வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்று வடசொல்லுக்குத் தொல்காப்பியம் சொன்ன நெறியைக் கிரேக்கச் சொல்லுக்கும் பொருத்தியதாக இதைக் கொள்ளலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்றைய கிரேக்கர் பழைய பகரத்தை வகரமாகவே ஒலிக்கிறார்கள். ஏதென்ஸ் நகரத்துக் கடையில் புத்தகம் கேட்பவர் 'விவ்லீயோ' என்றுதான் கேட்பார். செயற்கைச் சொல் என்று தங்கள் குழுவில் சிலர் முகம் சுளிக்கும் விவிலியம், பைபிளைவிடத் தன் தாய்மொழிக்கு நெருக்கமாகவே ஒலிக்கிறது.

மலரைப் பொறுத்தவரை என் யோசனை இது: பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளிலிருந்தும் பாட்டிமார் சொன்ன செய்திகளிலிருந்தும் எடுத்தாளும் இடங்களில் வேதம், வேதப்புத்தகம் என்று உள்ளபடியே விட்டுவிடுங்கள், புதிதாக எழுதும் கட்டுரைகளில் விவிலியம் என்று போடுங்கள். இரு கட்சியாரும் சற்று முணுமுணுப்பார்கள், போகட்டும். அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புப் படிகளை அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். கண்ணுக்கு மருந்து விடுவதை மறந்துவிடாதீர்கள்.

என்றும் அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்