கண்ணைப் பறித்தது போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக இணையதளங்களின் புதிய வடிவமைப்பைப் பாராட்டிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படித்தேன் என்று சொல்வது சற்று மிகை. பூதக்கண்ணாடியின் தயவில் எழுத்துக்கூட்டி முடித்தேன். அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டுரையாளர் ஓரிடத்தில், "முகப்பு கண்ணைப் பறித்தால் போதும், மற்றவை தாமாக அமையும்" என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரி நான்கு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. மற்றவை எங்கே ஐயா தாமாக அமைந்தன? நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். நூற்பட்டியல் இழுப்பறையில் ஓர் அட்டை இடம் மாறிப்போனால், புத்தகம் அலமாரியிலேயே இருந்தாலும் அது தொலைந்த புத்தகம்தான். இழுப்பறையின் பித்தளைப் பிடி பளபளக்கிறதே என்று எந்த அட்டையும் தானாக வரிசைக்கு வந்து நின்றதில்லை. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிவைத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. தாங்கள் அறியாததல்ல. அறிய வேண்டியவர்கள்தான் அறியவில்லை.

என் அக்காள் மகனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. முதுகலை முடித்துவிட்டு, ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்க ஒரு பல்கலைக்கழகத்தின் தளத்தைத் திறந்தான். பெயர் வேண்டாம். கட்டுரையில் புகழப்பட்ட வகையைச் சேர்ந்ததுதான். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடரை அவன் முடுக்கிவிட, அது "இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்" என்று 17 முறை சொல்லி ஓய்ந்தது. அந்த மென்பொருள் இணைப்புகளை மட்டும் தனியே திரட்டிப் படிக்கக்கூடியது. இணைப்பின் பெயரே "இங்கே" என்றால் அது வேறென்ன செய்யும்? "எங்க மாமா சொடுக்கறது?" என்று அவன் கேட்டான். எனக்குக் கண் இருந்தும் பதில் தெரியவில்லை.

ஒருவழியாக அறிவிப்பைப் பிடித்தோம். பிடிஎஃப் கோப்பு. ஸ்க்ரீன் ரீடர் மூச்சுவிடவில்லை. ஏனென்றால் அதில் எழுத்தே இல்லை, எழுத்தின் புகைப்படம்தான் இருந்தது. யாரோ கணினியில் தட்டச்சு செய்கிறார்கள், அச்செடுக்கிறார்கள், கையெழுத்திட்டு முத்திரை குத்துகிறார்கள், பிறகு கோணலாக வைத்து ஸ்கேன் செய்து திரும்பவும் கணினிக்குள்ளேயே போடுகிறார்கள். எழுத்தைப் படிக்கமுடியாமல் ஆக்குவதற்கு இத்தனை பேர் உழைக்கவேண்டியிருக்கிறது! நான் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நான்காம் பக்கத்தில், முத்திரைக்கு அடியில் இருந்தது. மூன்றா எட்டா என்று இன்றுவரை எங்களுக்குள் கருத்து வேறுபாடு. முன்னெச்சரிக்கையாக மூன்று என்றே வைத்துக்கொண்டு அனுப்பினான்.

இத்தனைக்கும் முகப்பில் ஐந்து படங்கள் அணிவகுத்து ஓடிக்கொண்டிருந்தன. பட்டமளிப்பு விழா, புல்வெளி, ஒரே மடிக்கணினியைச் சுற்றி நின்று சிரிக்கும் நான்கு மாணவர்கள், ரிப்பன் வெட்டு, மறுபடி புல்வெளி. ஒன்றில் இருந்த வாக்கியத்தைப் பாதி படிப்பதற்குள் அடுத்தது தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகத் தளத்தில் இப்படி ஓடும் படங்களை யார் சொடுக்குகிறார்கள் என்று எரிக் ரன்யன் என்பவர் 2013இல் எண்ணிப் பார்த்து வெளியிட்டார். வந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். அந்தச் சொடுக்குகளிலும் 84 விழுக்காடு முதல் படத்துக்கே. மீதி நான்கும் யாருக்காக ஓடுகின்றன என்பது எனக்குத் தெரியும். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு எங்கள் தளத்தைப் புதுப்பிக்க ஒரு குழு போட்டார்கள். 11 பேர். அதில் மாணவர் ஒருவரும் இல்லை. என்னைச் சேர்த்தது நூலகப் படம் ஒன்று கேட்பதற்காக. மூன்று மணி நேரம் பேசினோம். துணைவேந்தர் படம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் இரண்டு மணி நேரம் போயிற்று. பட்டியலில் "தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகம்" என்று போடாமல் "தேர்வு முடிவுகள்" என்று போடலாமே, மாணவன் தேடுவது அலுவலரை அல்லவே என்று கேட்டேன். அப்படிச் செய்தால் அலுவலரின் பதவிக்கு மரியாதைக் குறைவு என்றார்கள். தேடுபெட்டி கேட்டேன். "பரிசீலிக்கப்படும்" என்று குறிப்பில் ஏறியது. பெட்டியும் வந்தது, பொய் சொல்லக்கூடாது. "நூலக நேரம்" என்று போட்டுப் பார்த்தேன். எப்போதோ நடந்த நூலக வார விழாவில் குத்துவிளக்கு ஏற்றிய செய்தி வந்தது. நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது மட்டும் வரவில்லை.

பழையதெல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வலமிருந்து இடமாக ஊர்ந்து போகும் அறிவிப்புகளைத் துரத்திப் படித்தவன்தான் நானும். மூன்று வருடத்துக்கு முந்தைய செய்தியின் தலையில் "புதியது" என்று மின்னிக்கொண்டே இருக்கும். அடியில் "1024x768 அளவில் பார்க்க உகந்தது" என்று வேறு எழுதியிருக்கும், எங்கள் சௌகரியத்துக்கு நீ திரை வாங்கு என்பதுபோல. இப்போது கைபேசியில் திறந்தால் திரை முழுக்கப் புல்வெளி. மற்ற எல்லாம் மூலையில் மூன்று கோடு போட்ட பொத்தானுக்குள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் அந்த அசிங்கமான பழைய தளத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. எங்கள் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் பட்டியலை நானும் இரண்டு உதவியாளர்களும் ஆறு ஆண்டுகள் தட்டச்சு செய்து ஏற்றியிருந்தோம். பிற பல்கலைக்கழகத்துக்காரர்கள் தங்கள் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் அந்த முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள். தளம் கண்ணைப் பறிக்கத் தொடங்கிய அன்று அத்தனை முகவரியும் செத்துப்போயின. இப்போது அங்கே போனால், பக்கம் இல்லை என்பதைக் குறிக்கும் 404 என்ற எண்ணும் ஒரு சோக முகமும் வருகின்றன. அந்த முகமும் மிக அழகாக வரையப்பட்டிருக்கிறது. நல்ல முகவரி மாறாது என்று வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே எழுதிவிட்டார். நாங்கள் அலமாரியை மாற்றினால் பழைய இடத்தில் "மாடிக்கு மாற்றப்பட்டது" என்று ஒரு சீட்டாவது ஒட்டுவோம். பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடுவதும் அப்படி ஒரு சீட்டு ஒட்டுகிற வேலைதான். ஒட்ட ஆளில்லை. சோக முகம் வரைய ஆள் இருந்திருக்கிறார்.

கட்டுரையாளர்மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. அடுத்த முறை ஒரு தளத்தைப் புகழுமுன், கைபேசியில் அதைத் திறந்து கட்டண விவரம், கடைசி நாள், அழைத்தால் யாராவது எடுக்கும் ஒரு தொலைபேசி எண் மூன்றையும் தேடிப் பார்க்கட்டும். அவருக்கு நேரமிருந்தால்.

இனி, பூதக்கண்ணாடி. இரண்டு ஆண்டுகளாகத் தங்கள் இதழைக் கைபேசியில்தான் படித்துவருகிறேன். அண்மையில் அதன் தோற்றத்தையும் புதுப்பித்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து. அக்காள் மகனின் நண்பன் ஒருவன் அளந்து சொன்னான், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 2.85க்கு 1. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, தளங்களை எல்லாரும் பயன்படுத்த முடியவேண்டும் என்று 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியோ சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 ஆவது இருக்கவேண்டும் என்கிறது. இதெல்லாம் தங்கள் வடிவமைப்பாளர் அறிந்ததாகவே இருக்கும். விரலால் விரித்துப் பெரிதாக்கலாம் என்றால் அதையும் பூட்டிவைத்திருக்கிறார்.

என் கோரிக்கை சிறியது. எழுத்தைக் கறுப்பாக்கித் தாருங்கள். முழு இதழுக்கும் முடியாதென்றால் கடிதப் பகுதிக்காவது. இது வெளியானால் நானும் படிக்க வேண்டுமே.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நூலகர்