காய்ச்சலைக் கான்கர் செய்த மீனவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் போன வாரம் வந்த ஆங்கிலச் சொல் பெட்டியைப் பற்றி இந்தக் கடிதம். கான்கர், டிஃபீட், வான்க்விஷ், ஓவர்கம், சர்மவுண்ட், சப்டியூ, பிரிவெயில் என்று ஏழு சொற்கள். ஏழுக்கும் எதிரே ஒரே பொருள்: 'வெல்லுதல்'. இடம் மிச்சம், சரி. அதன் வினை என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்ததால்தான் எழுத வேண்டியதாயிற்று.

நான் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்போதும் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள், எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அதில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உங்கள் பெட்டியை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறான். பார்க்க எடுப்பாக இருந்த முதல் சொல்லை எடுத்து ஒரு வாக்கியமும் எழுதியிருந்தான்: 'மை ஃபாதர் கான்கர்டு தி ஃபீவர்.'

"ஏண்டா, உங்க அப்பா காய்ச்சலைப் பிடிச்சு அது மேல ஆட்சி பண்ணினாரா?" என்றேன்.

"இல்ல டீச்சர், நாலு நாளும் காய்ச்சல்தான் அப்பாவைப் பிடிச்சு ஆட்டுச்சு" என்றான்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. கான்கர் என்றால் ஜெயிப்பதோடு முடியாது, ஜெயித்ததைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். 1066இல் இங்கிலாந்துக்குப் படையெடுத்து வந்த வில்லியம் அங்கேயே தங்கி அரசாண்டார், அதனால் கான்கரர் என்று பெயர். ரோமை எதிர்த்த கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபாலை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 216இல் கன்னே என்ற இடத்தில் ரோமானியப் படையை நாசமாக்கினார். அது டிஃபீட். அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் இத்தாலியிலேயே சுற்றினார், ரோம் நகரம் மட்டும் கைக்கு வரவில்லை. ஆகவே கான்கர் இல்லை. டிஃபீட் ஆனவன் அடுத்த தேர்தலில், அடுத்த மேட்சில் திரும்பி வரலாம். வான்க்விஷ் ஆனவன் எழுந்திருப்பது கஷ்டம், ஆனால் அது கதைப்புத்தகச் சொல், பிள்ளைகளுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

நோயைக் கான்கர் செய்யவே முடியாதா என்றால் முடியும். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980இல் அறிவித்தார்களே, அதற்குச் சொல்லலாம். பயத்தைக் கான்கர் செய்யலாம், அது நம்மோடேயே குடியிருப்பது. நாலு நாள் காய்ச்சலுக்கு இத்தனை பெரிய மகுடம் எதற்கு?

நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பெட்டியில் அது இல்லாவிட்டாலும். 'இந்தியா வோன் ஆஸ்திரேலியா' என்று எழுதாத மாணவனை என் முப்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. தமிழில் 'ஆஸ்திரேலியாவை வென்றது' சரிதான். ஆங்கிலத்தில் வின் என்ற சொல்லுக்கு எதிராளி பொருந்தமாட்டான். மேட்சை, கோப்பையை, ஓட்டை வின் பண்ணலாம், ஆளை பீட் பண்ண வேண்டும். 'வெல்லுதல்' என்று ஒரே பொருள் போட்டால் இந்தக் குழியில்தான் விழுவார்கள்.

தமிழில் இந்தப் பிரிவெல்லாம் இல்லை என்று உங்கள் இணைப்பைத் தயாரிப்பவர் நினைத்திருக்கலாம். நம் ராஜாக்களின் பட்டப்பெயர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன்: வென்றது செருவை, அதாவது போரை. ஆங்கில வின் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன்: எதிரே நின்ற படையைக் கடந்தான், ஓவர்கம். மதுரை கொண்ட பராந்தகன்: ஊரை எடுத்துக்கொண்டான், கான்கர். ('கங்கை கொண்ட' ராஜேந்திரன் கங்கையிலிருந்து தண்ணீர்தானே கொண்டுவந்தான், அது எப்படிக் கான்கர் ஆகும் என்று அந்தப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. பட்டப்பெயரில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும் என்று சமாளித்தேன்.)

பிரிவெயில் என்ற சொல்லை எங்கள் தீவுப் பிள்ளைகளுக்குக் காற்றை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். மார்கழியில் வாடைக்காற்று, ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான். வாடை அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் வந்தால் அப்படியே தலைகீழ். நடுவில் ஒருநாள் வேறு பக்கத்துக் காற்று எட்டிப் பார்த்தாலும் அந்தப் பருவத்தில் மேலோங்கி நிலவுவது எதுவோ, அதுதான் பிரிவெய்லிங் விண்ட். யாரையும் அடித்துப் போடுவதில்லை, கடைசிவரை நின்று மேலே வருவது. நியாயம் பிரிவெயில் ஆகும் என்கிறார்களே, அதுவும் இதே நிற்றல்தான். அடங்கிக் கிடக்கும் தென்கடல் சப்டியூடு. கடல் எங்கேயும் போய்விடவில்லை, சத்தம் மட்டும் குறைந்திருக்கிறது.

ஓவர்கம் ஒரு விசித்திரமான சொல். கஷ்டத்தை நாம் ஓவர்கம் செய்கிறோம், ஆனால் 'ஓவர்கம் வித் கிரீஃப்' என்றால் துக்கம் நம்மை மூழ்கடித்துவிட்டது என்று பொருள். வாக்கியத்தில் யார் மேலே, யார் கீழே என்று பார்த்தால்தான் தெரியும். 'வெல்லுதல்' என்று உருப்போட்ட பிள்ளை இதை எப்படிப் புரிந்துகொள்ளும்?

2025 ஏப்ரல் 6இல் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது 'கடலை வென்ற பாலம்' என்று ஒரு தலைப்பு பார்த்தேன். பாலத்தில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 1914இல் ஓடத் தொடங்கிய பழைய பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்னத் தின்ன, பெயிண்ட் அடித்து அடித்துக் காப்பாற்றிய பாலம் அது. கடலை யார் வென்றது? அதன் மேலே ஏறிக் கடந்திருக்கிறோம், அவ்வளவுதான். இதற்குத்தான் சர்மவுண்ட் இருக்கிறது. சொல்லுக்குள்ளேயே மலை இருக்கிறது, மேலேறித் தாண்டுவது என்று பொருள். 'கடலைக் கடந்த பாலம்' என்று போட்டிருந்தால் தமிழுக்கும் பொருந்தும், பாலத்துக்கும் பொருந்தும்.

இதில் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கோபமும் உண்டு. என் பெற்றோர் தனுஷ்கோடியில் குடியிருந்தவர்கள். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து வந்த ரயிலோடு ஊரையும் கடல் கொண்டுபோனது. எனக்கு மூன்று வயது. அம்மா என்னைத் தன் சேலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு மணல்மேட்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார். பல வருஷம் கழித்து ஒருவர் வந்து பேட்டி எடுத்து, 'புயலை வென்ற தாய்' என்று அச்சில் போட்டார். படித்துக்காட்டினேன். "நான் எங்கடி வென்னேன்? தப்பிச்சேன். வென்னது அதுதான்" என்றார் அம்மா. ஆங்கிலத்தில் இதற்கு வெதர் என்றே ஒரு வினைச்சொல் உண்டு. கப்பல் புயலை வெதர் செய்தது என்பார்கள். புயலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கப்பல் மறுபக்கம் வந்து சேர்ந்திருக்கும். உங்கள் ஏழு சொற்களில் இது ஏன் இல்லை?

அடுத்த இணைப்பில் இந்தப் பெட்டியைத் திரும்பப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது எதோடு சேரும் என்று ஒரு பெயர்ச்சொல் போட்டாலே போதும்: நாட்டை, எதிரணியை, தடையை, கஷ்டத்தை. இரண்டு வரி கூடும், பக்கத்து விளம்பரத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். அந்தப் பையன் தன் வாக்கியத்தைத் திருத்திவிட்டான். 'மை ஃபாதர் காட் ஓவர் தி ஃபீவர்' என்று எழுதி, இந்தச் சொல் பேப்பரில் வரவில்லையே டீச்சர், பரீட்சையில் போட்டால் மார்க் குறைப்பார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.