பின்வாசல் தெருவிலிருந்து ஒரு கடிதம்

காரைக்குடி,
ஐப்பசி 3.

அன்புள்ள உமையாளுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்கு என் கால்தான் காரணம். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். "நான் அங்கே வந்து இருந்தால் எனக்கு என்ன இருக்கிறது? பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீடும் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கும்தானே?" என்று கேட்டிருக்கிறாய். இதைப் போனில் கேட்டிருந்தால் "அதெல்லாம் வாடி, பார்த்துக்கலாம்" என்று சொல்லி முடித்திருப்பேன். எழுத்தில் கேட்டுவிட்டாய், அதனால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஆவணியில் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது முகப்புக் கதவு திறந்திருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் உள்ளே கூட்டிப் போனார். நாம் கண்ணாமூச்சி ஆடிய அதே வளவு, நடு முற்றமும் சுற்றி அறைகளுமாக. அறைக்கு அறை ஒவ்வொரு புள்ளியின், அதாவது ஒவ்வொரு பங்குக் குடும்பத்தின், பூட்டு. எண்ணினேன்: பதினொன்று. ஏழு துருப்பிடித்தவை, மூன்று பரவாயில்லை, ஒன்று மட்டும் எண்ணை அமுக்கித் திறக்கிற புதுப் பூட்டு. எந்தப் பங்காளி என்று நான் கேட்கவில்லை. உங்கள் அறைக்குப் பூட்டே இல்லை, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. பதறாதே, உள்ளே ஒரு மர பீரோவும் உன் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியும்தான். பெட்டி காலி. தரை முழுக்கப் புறா எச்சம். ஆனால் அந்த ஆத்தங்குடிக் கல் இருக்கிறதே, கண்ணாடிமேல் சாயத்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் போட்டு வார்த்த கல், முந்தானையால் ஒரு கையகலம் துடைத்ததும் பளிச்சென்று சிரித்தது.

அந்த வீட்டில் நீ தனியாக இருக்க முடியாது உமையா. கூட்டிப் பெருக்கவே நாலு ஆள் வேண்டும். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் அந்த முகப்பைத்தான் பார்க்கிறார்கள். தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு என்று வழிகாட்டிப் பையன்கள் ஒப்பிக்கிறார்கள். படம் எடுத்துவிட்டு வந்த வழியே போய்விடுகிறார்கள். அந்த வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்பதை யாரும் சுற்றிவந்து பார்ப்பதில்லை. நான் இருப்பது அந்தப் பின்வாசல் தெருவில். நீ சின்ன வயதில் சமையல்கட்டு வழியாக நழுவி எங்கள் வீட்டுக்கு ஓடி வருவாயே, அதே தெரு. உன் கேள்விக்கு என் பதில் இந்தத் தெருதான்.

ஒரு காலத்தில் பால், விறகு, வைக்கோல் வண்டி, வண்ணார், சமையலாள் எல்லாம் வந்துபோன பக்கம் இது. அதனால்தானோ என்னவோ, பெரிய வீடுகள் பூட்டிய பிறகும் இந்தப் பக்கம் உயிர் போகவில்லை. என் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஓர் இஸ்திரி வண்டி, ஒரு மாவு மில், பூக்காரம்மா, ஜெராக்ஸ் கடை, ஒரு தையல்காரர். மாவு மில்லில் சீயக்காய் அரைக்கிற நாளில் தெருவே தும்மும். காய்கறி தள்ளுவண்டி ஏழரை மணிக்கு. அவரிடம் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கக் கூடாது, கோபம் வந்துவிடும். "டீச்சர், நீங்க கணக்குப் பாருங்க, காயை நான் பாக்குறேன்" என்பார். உண்மையில் நல்லதாகத்தான் போடுகிறார்.

போன வருஷம் கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்கூட்டியை விற்றுவிட்டேன் அல்லவா? அதற்கு முன்னால் இந்த ஊரில் முப்பது வருஷம் வண்டியில் போய்வந்தேன், ஒன்றையும் பார்த்ததில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. நடக்க ஆரம்பித்ததும் எல்லாமே நடக்கிற தூரம்தான் என்று ஆகிவிட்டது. செவ்வாய், வெள்ளி கொப்புடையம்மன் கோயில். காலையில் அழகப்பர் கல்லூரிப் பக்கம் ஒரு நடை. அந்த மரங்களுக்கடியில் நடக்கும்போது அப்பா நினைப்பு வரும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டி, 1953-இல் சிக்ரியை, அந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை, திறந்தார்கள். அங்கே கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலை கிடைத்துத்தான் அப்பா மன்னார்குடியிலிருந்து இங்கே குடிவந்தார். அந்தக் கொடை இல்லையென்றால் எனக்கு இந்தத் தெருவும் கிடையாது, நீயும் கிடையாது.

முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்த ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். அங்கே பழம்பொருள் கடைகளில் பெரிய வீட்டுச் சாமான்கள் தெரு வரைக்கும் வழிந்து கிடக்கும். எனாமல் பேசின், பீங்கான் ஜாடி, ரவிவர்மா படம், மங்குத்தட்டு, எந்த வீட்டு நிலைக்கதவோ ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கும். நான் வாங்குவதில்லை, வேடிக்கை பார்ப்பதோடு சரி. அன்றைக்கு ஒரு பித்தளைத் தூக்கு வாளியைக் கையில் எடுத்தேன். மூடியைத் திருப்பினால் உங்கள் வீட்டு விலாசம், குடும்பத்தின் பெயரெழுத்து! புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய எழுத்து. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு நசுக்கல். அந்த நசுக்கல் எப்படி வந்தது என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஊருணிப் படிக்கட்டில் அதை உருட்டிவிட்டது நீ, அடி வாங்கியது நான்.

எந்தப் பங்காளி எப்போது விற்றார் என்று ஆராயாதே. தூக்கு வாளிக்காகப் பகை வேண்டாம். கடைக்காரர் ஆயிரத்து எண்ணூறு சொன்னார். நான் விலாசத்தைக் காட்டி, எல்லாக் கதையையும் சொன்னேன். கதை கேட்டு முடித்துவிட்டு, "அப்ப உங்களுக்கு ரொம்ப வேணும்போல" என்று விலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வியாபாரத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு வரவில்லை. கடைசியில் ஆயிரத்து நானூறு.

அப்புறம் பணியாரம். நீ கேட்காவிட்டாலும் எழுதுவேன். தெரு முனையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓர் அக்கா அடுப்பு மூட்டுவார். வெள்ளைப் பணியாரம் மட்டும்தான். ஒரு படி பச்சரிசியை எடுத்து, அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாக நிற்கிற அளவுக்கு வைத்தால் அதுதான் கணக்கு, தராசு கிடையாது. வழுவழுவென்று அரைத்து, உப்பும் துளி சர்க்கரையும் போட்டு, பாலை விட்டு இளக்கி, ஒரு கரண்டி மாவை எண்ணெய் நடுவில் ஊற்றுகிறார். மாவு முதலில் அடியில் போய் உட்காரும். பிறகு மெதுவாக மிதந்து வந்து, ஓரத்தில் சரிகை வைத்த மாதிரி சுருங்கும். உடனே ஒரு திருப்பு. நிறம் மாறுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்; சிவந்தால் அதற்குப் பெயர் வெள்ளைப் பணியாரம் இல்லை. ஒவ்வொன்றாகத்தான் சுட முடியும், அதனால் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் எங்கள் தெருவின் செய்தியெல்லாம் கைமாறுகிறது. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்த வீட்டை ஹோட்டலாக்கப் போகிறார்கள், இன்றைக்குப் பல்லவன் ரயில் எத்தனை நிமிஷம் லேட். மிளகாய்ச் சட்னி கண்ணில் தண்ணீர் வர வைக்கும். சென்னையில் நீ இதே பெயரில் வாங்கித் தந்ததை நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

பங்குனியில் கம்பன் விழா. சா. கணேசன் 1939-இல் தொடங்கியது இன்னும் நடக்கிறது. நம்மைப் பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்களே, நீ தூங்கி விழுந்தாயே, அதே விழா. இப்போது நானாகப் போகிறேன். மணிமண்டபத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கென்று ஓர் இடம். பக்கத்தில் உட்காருகிற பெரியவருக்குப் பாட்டு எல்லாம் மனப்பாடம். பேச்சாளர் ஒரு சீரை விட்டுவிட்டால் தொடையில் தட்டிக்கொண்டு முணுமுணுப்பார். கடைசி நாள் நாட்டரசன்கோட்டைக்குப் போய்க் கம்பர் சமாதியில் கும்பிட்டு வருவது வழக்கம். தெருவிலிருந்து வேன் பேசிக்கொண்டு போகிறோம். பாதிப் பேர் கம்பருக்காக, மீதிப் பேர் புளியோதரைக்காக. நான் எந்தப் பாதி என்று கேட்காதே.

இப்போது கால் கதை. நல்லதை மட்டும் எழுதி உன்னை இழுக்கிறேன் என்று நினைத்துக்கொள்வாய், அதனால் இதையும் கேள். குழாய் பதிக்கிறோம் என்று தெருவைத் தோண்டினார்கள். பதித்தார்கள். மூட வருகிறோம் என்று போனவர்கள் மூன்று வாரம் வரவில்லை. புரட்டாசி மழையில் பள்ளமும் தெருவும் ஒரே மட்டம். கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, மெழுகுவர்த்தி வாங்கக் கிளம்பினவள் முழங்கால்வரை உள்ளே போய்விட்டேன். கத்தினேன் என்று நினைவில்லை, ஆனால் இஸ்திரிக்காரத் தம்பி வந்துவிட்டார். ஆட்டோ வந்துவிட்டது. தையல்காரர் பள்ளத்தில் கைவிட்டு என் செருப்பைத் தேடினார். எலும்பு முறிவில்லை, சுளுக்குத்தான் என்று டாக்டர் சொன்னார்.

உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான். மறுநாள் காலையிலிருந்து தெருவே டாக்டர். நொச்சி இலை ஒத்தடம் என்று ஒருவர், வாதநாராயணன் இலை என்று ஒருவர். பூக்காரம்மா ஒரு பாட்டில் எண்ணெயைக் கொண்டுவந்து தன் கையாலேயே தேய்த்து, வலி போகிற வரைக்கும் என்னைத் திட்டினார். "இருட்டில உங்களுக்கு என்ன டீச்சர் மெழுகுவத்தி?" இந்தத் தெருவுக்குக் கண் அதிகம், வாய் அதைவிட அதிகம். நீ வந்தால் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறாய், மருமகள் எத்தனை நாளைக்கு ஒருதரம் போன் செய்கிறாள் என்று ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டு விடுவார்கள். உன் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது என்று அலுத்துக்கொள்கிறாய். இங்கே உனக்கு நேர்மாறான அலுப்பு வரும். எது தேவலை என்று நீதான் சொல்ல வேண்டும்.

இன்னும் குறை வேண்டுமா? சித்திரை வெயில் அப்படியேதான் இருக்கிறது. இதய டாக்டர், நரம்பு டாக்டர் என்றால் நான் இன்னும் மதுரைக்குத்தான் ஓடுகிறேன். கல்யாண மண்டப ஸ்பீக்கர் முகூர்த்த நாளில் விடியற்காலை நாலு மணிக்கே தொடங்கிவிடும். 2024-இல் நாம் மாநகராட்சி ஆகிவிட்டோம், தெரியுமல்லவா? ஆனாலும் பின்வாசல் தெருவில் இன்னும் "டவுனுக்குப் போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்கிறோம், ஏதோ நாங்கள் வேறு ஊரில் இருக்கிற மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு காலியாகிறது. இரண்டு அறை, சமையல்கட்டு, பின்னால் ஒரு முருங்கை. திண்ணையை இடிக்காமல் கிரில் போட்டிருக்கிறார்கள், ஒருவர் காலை நீட்டிப் படுக்கலாம். ஓட்டு வீடு, ஒரு மூலையில் ஒழுகுகிறது, மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். ஒத்திக்கும் சம்மதம், வாடகைக்கும் சம்மதம். நான் வாடகை என்றே பேசி வைத்திருக்கிறேன். ஆறு மாதம் இருந்து பார், ஒத்துவரவில்லை என்றால் போய்விடு. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் நேர் எதிரே உங்கள் பெரிய வீட்டின் பின்வாசல் தெரியும். அது உனக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். தை வரைக்கும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வீட்டுக்காரம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார்.

எப்படியும் திருக்கார்த்திகை கழிந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க, அந்த மாவில் ஏற்றிய திரியை வாயில் போட்டுக்கொள்ள, வேண்டும் அல்லவா? இந்த வருஷம் அதை இங்கே வந்து எடு. எதிர்வீட்டு ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். "உமையாளா? அந்தப் பிள்ளை இன்னும் அப்படியே வாய் பேசுதா?" என்று கேட்டார். நானே பதில் சொல்லாமல் உனக்காக விட்டு வைத்திருக்கிறேன்.

தூக்கு வாளியைப் புளி போட்டுத் தேய்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பச் சொல்லி எழுதாதே, அனுப்ப மாட்டேன். வந்து எடுத்துக்கொள். ஆயிரத்து நானூறையும் கையோடு கொண்டு வா.

அன்புடன்,
கல்யாணி